முன்குழாயா, பின்குழாயா? நீர்மூழ்கி கேம் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கி கேம்களில் புதிதாக இறங்குகிறவர்கள், டார்பிடோவை (நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் ஆயுதம்) ஏவ முன்னால் இருக்கும் நான்கு குழாய்களோடேயே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். ரோந்து முடிந்து துறைமுகம் திரும்பும்போது பின்குழாய் டார்பிடோ ஏற்றினது ஏற்றினபடியே கிடக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன். பெரும்பாலான பதில்கள் சைலன்ட் ஹன்டர் 3 என்ற கேமை மனதில் வைத்து எழுதியவை. யூபோட், வுல்ஃப்பேக் ஆடுபவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான், பொத்தான்கள்தான் மாறும்.

ஒரு சொல் பற்றி: நம் கடற்கரைகளில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அருமையான சொற்கள்தான், ஆனால் கேம் ஆடும் பிள்ளைகள் முன்குழாய், பின்குழாய் என்றே பேசிப் பழகிவிட்டார்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் படகில் எந்தப் பக்கம் எத்தனை குழாய்?

கேம்களில் அதிகம் கிடைக்கும் ஜெர்மன் படகு ஏழாம் வகை. அதில் முன்னால் 4, பின்னால் 1. ஏழு-சி ரகத்தில் மொத்தம் 14 டார்பிடோ ஏற்றலாம். குழாய்களில் 5, முன் அறையில் 6, பின்பக்கம் தரைக்கு அடியில் 1, மேல்தளத்துக்குக் கீழே வெளிப்பெட்டிகளில் 2. ஒன்பதாம் வகை பெரிய படகு. அதில் முன்னால் 4, பின்னால் 2, மொத்தம் 22 டார்பிடோ. ஆரம்பத்தில் கையில் கொடுக்கும் குட்டிப் படகான இரண்டாம் வகையில் முன்னால் 3 மட்டும்தான். மொத்தமே 5 டார்பிடோ, பின்குழாயே கிடையாது.

பசிபிக் போரை வைத்து வந்த சைலன்ட் ஹன்டர் 4-இல் அமெரிக்க காட்டோ வகைக்கு முன்னால் 6, பின்னால் 4, மொத்தம் 24. அந்தக் கதை வேறு, கீழே வருகிறது.

முன்னால் நாலு இருக்கும்போது பின்னால் இருக்கிற ஒன்றை எதற்கு நினைக்க வேண்டும்?

சுட்ட பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்குழாயால் சுட வேண்டுமென்றால் உங்கள் மூக்கு கான்வாயை, அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களைப் பார்த்து இருக்கிறது. டார்பிடோ வெடித்த அடுத்த நிமிடம், காவலுக்கு வரும் எஸ்கார்ட் போர்க்கப்பல்கள் உங்களைத் தேடி வரும். அப்போது நீங்கள் இருக்கும் நிலை: மூக்கு எதிரியை நோக்கி, நீருக்கடியில் இரண்டு மூன்று நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகம், திரும்பிப் போக வேண்டிய திசை நேர் பின்னால். மெதுவான வேகத்தில் 180 டிகிரி திரும்பப் பல நிமிடம் ஆகும். அந்தத் திருப்பத்தின் நடுவில் படகின் முழு விலாவும் எஸ்கார்ட்டின் சோனாருக்கு (ஒலியை அனுப்பி எதிரொலியால் தேடும் கருவி) தெரியும். எதிரொலி நன்றாகக் கிடைப்பது விலாவில்தான். மூக்கையோ வாலையோ காட்டினால் மெல்லிய எதிரொலிதான் போகும்.

பின்குழாயால் சுட்டால், சுடும்போதே நீங்கள் கிளம்பிப் போகும் திசையில் இருக்கிறீர்கள். திருப்பம் எதுவும் வேண்டாம். ஆழத்தை மாற்றி, வேகத்தைக் குறைத்துப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அதனால் எந்தக் குழாய் என்பதைச் சுடுகிற நேரத்தில் முடிவு செய்தால் தாமதம். கான்வாயின் புகை தெரிந்ததும், வரைபடத்தில் அதன் பாதையைக் கோடு போடும்போதே, "சுட்ட பிறகு எந்தப் பக்கம் ஓடப்போகிறேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆழமான தண்ணீர் எந்தப் பக்கம், எஸ்கார்ட் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். ஓடும் திசை தெரிந்துவிட்டால் குழாய் தானாகத் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் எப்போதும் பின்குழாயாலேயே சுட்டுவிடலாமே?

கூடாது. ஏழாம் வகையில் பின்னால் இருப்பது ஒரே ஒரு குழாய். பெரிய எண்ணெய் டாங்கரை ஒரே டார்பிடோ முடித்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. தவறினால் சரிசெய்ய இரண்டாவது டார்பிடோ உடனே கிடைக்காது. கோணத்தைச் சற்று விரித்து இரண்டு மூன்று டார்பிடோக்களைச் சேர்த்து விடும் சால்வோ பின்னால் முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருக்கும்போது படகு முன்னால் நகர நகர இலக்கிலிருந்து விலகிக்கொண்டே போகிறீர்கள். கப்பல் வளைந்து வளைந்து போகிற ரகமாக இருந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டால் துரத்திப் பிடிக்க வழியில்லை. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நிலையைச் சரிசெய்யலாம் என்பார்கள். கேம்களில் நன்றாகவே வேலை செய்யும். நிஜப் படகில் பின்னோக்கிப் போகும்போது ஆழத்தைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு.

என் பழக்கம் இதுதான். தனியாக வரும் சரக்குக் கப்பல், எஸ்கார்ட் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு முன்குழாய். எஸ்கார்ட்டோடு வரும் ஒரே ஒரு நடுத்தரக் கப்பல், நான் அதன் பாதைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன், நேரம் இருக்கிறது என்றால் பின்குழாய். பெரிய இலக்கு என்றால் ஆபத்து இருந்தாலும் முன்குழாய்தான். ஒன்பதாம் வகைப் படகில் பின்னால் இரண்டு இருப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் பின்பக்கமாகச் சாயும்.

பின்குழாய்க்குக் கோணம் கணக்கிடுவது கஷ்டமா?

கஷ்டமில்லை. தலை கிறுகிறுக்கிறது என்பதுதான் உண்மை. ஓர் உதாரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம்.

கப்பல் கிழக்கு நோக்கி, அதாவது 090 திசையில், 8 நாட் வேகத்தில் வருகிறது. நீங்கள் அதன் பாதைக்குத் தெற்கே 1000 மீட்டரில் காத்திருக்கிறீர்கள். கையில் இருப்பது 30 நாட் வேக மின்சார டார்பிடோ. டார்பிடோ கப்பலின் பாதையைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். கப்பல் வேகத்தை டார்பிடோ வேகத்தால் வகுத்தால் 0.267. அதற்குரிய டேன் கோணம் ஏறக்குறைய 15 டிகிரி. கப்பலுக்கு இந்த 15 டிகிரி முன்னால் சுட வேண்டும்.

முன்குழாய் என்றால் படகின் மூக்கு நேர் வடக்கே. கப்பல் மேற்கிலிருந்து, அதாவது உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. பெரிஸ்கோப்பை 345-இல் (மூக்கை 0 என்று வைத்து வலச்சுற்றாக எண்ணும் கோணம்) வைத்துக் காத்திருங்கள். கப்பலின் நடுப்பகுதி, பெரிஸ்கோப்பின் நடுவில் தெரியும் கம்பிக் கோட்டைத் தொடும்போது சுடுங்கள்.

பின்குழாய் என்றால் படகின் மூக்கு நேர் தெற்கே, வால் வடக்கே. அதே கப்பல் இப்போது உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். பெரிஸ்கோப்பை 165-இல் வைத்துக் காத்திருங்கள். நிஜ திசையில் இரண்டும் ஒரே 345தான். உங்கள் படகு திரும்பி நிற்பதால் எண் மட்டும் 180 தள்ளிப் போகிறது.

டார்பிடோ 1000 மீட்டர் ஓட 65 விநாடி ஆகும். அதற்குள் கப்பல் சுமார் 267 மீட்டர் நகர்ந்து டார்பிடோவின் பாதைக்கு வந்து சேரும். இந்த முறையின் அழகு, தூரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான். 1000 என்று நினைத்தது 700 ஆக இருந்தாலும் டார்பிடோ போய்ச் சேரும், நேரம்தான் குறையும். கப்பலின் வேகமும் திசையும் சரியாக இருந்தால் போதும்.

மற்ற வேகங்களுக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். 30 நாட் டார்பிடோவுக்கு: 6 நாட் கப்பல் என்றால் 11 டிகிரி, 10 நாட் என்றால் 18, 12 நாட் என்றால் 22. நீராவி டார்பிடோவை 44 நாட்டில் வைத்தால் அதே வரிசையில் 8, 13, 15.

பின்குழாய்க்கு மாறும்போது ஏஓபியையும் இடம் வலமாக மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஏஓபி என்பது இலக்குக் கப்பலின் மூக்கிலிருந்து பார்த்தால் நீங்கள் எந்தக் கோணத்தில் இருக்கிறீர்கள் என்பது. கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் மாலுமியின் பார்வை அது. நீங்கள் மூக்கைக் காட்டுகிறீர்களா வாலைக் காட்டுகிறீர்களா என்று அவனுக்குக் கவலை இல்லை. மேலே சொன்ன உதாரணத்தில் இரண்டு குழாய்க்கும் ஏஓபி வலது 75தான். நான் இதைப் புரிந்துகொள்ளாமல் இடதுக்கு மாற்றி மாற்றி வைத்து, ஒரு முழு ரோந்தின் பின்குழாய் டார்பிடோக்களையும் கடலுக்குத் தானம் செய்திருக்கிறேன்.

ஐந்தாம் குழாயை, அதாவது பின்குழாயைத் தேர்ந்தெடுத்ததும் கைரோ முள் 180-க்குப் போய்விடுகிறது. ஏதாவது கோளாறா?

இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கைரோ கோணம் என்பது டார்பிடோ வெளியே போனபின் படகின் மூக்குத் திசையிலிருந்து எவ்வளவு விலகிய திசையில் ஓடப்போகிறது என்பது. முன்குழாயில் நேராகப் போகும் டார்பிடோவுக்கு அது 0. பின்குழாயில் நேராகப் போவதற்கு 180. முன்குழாயில் 350 முதல் 10 வரை இருந்தால் எப்படி நிம்மதியோ, பின்குழாயில் 170 முதல் 190 வரை அப்படி.

அந்த எல்லைக்குள் வைப்பது ஏன் முக்கியம் என்றால், டார்பிடோ குழாயை விட்டதும் கொஞ்ச தூரம் நேராக ஓடி, அதன் பிறகுதான் வளையும். அது கிளம்பும் இடமும் நீங்கள் குறிபார்க்கும் பெரிஸ்கோப் இருக்கும் இடமும் ஒன்றல்ல. டிடிசி என்கிற கணக்குக் கருவி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய தூரத்தைக் கேட்கும். தூரம் தப்பாக இருந்தால் திருத்தமும் தப்பு. திருப்பம் பெரிதாக ஆக, தப்பும் பெரிதாகும். டார்பிடோ நேராகப் போனால் இந்தச் சிக்கலே எழாது.

குழாயை மாற்ற மறந்து, பின்னால் இருக்கும் கப்பலுக்கு ஒன்றாம் குழாயைச் சுடுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. குழாய் எண்ணைப் பார்த்துவிட்டுச் சுடுங்கள். குழாய்க் கதவையும் முன்கூட்டியே திறந்து வையுங்கள். மூடியிருந்தால் பொத்தானை அழுத்தியபின் கதவு திறக்கும் வரை டார்பிடோ கிளம்பாது, அந்தத் தாமதத்தில் கப்பல் நகர்ந்துவிடும்.

எவ்வளவு கிட்டத்தில் சுடலாம்?

சைலன்ட் ஹன்டர் 3-இல் டார்பிடோ ஏறக்குறைய 300 மீட்டர் ஓடிய பிறகுதான் வெடிக்கத் தயாராகும். அதற்குள் போய் மோதினால் இரும்பில் "டங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்குழாயில் இது அடிக்கடி நடக்கும். கப்பல் தலைக்கு மேல் போனபின் அவசரமாக அதன் பின்னால் சுட நினைப்போம், ஆனால் தூரம் போதாது. கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் விலகிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், தூரம் தானாக வரும்.

பின்குழாயில் எந்த டார்பிடோவை ஏற்றுவது?

போரின் ஆரம்ப ஆண்டுகளில் இரண்டே தேர்வு. ஜி7ஏ நீராவியால் ஓடும், வேகத்தை மாற்றலாம், ஆனால் தண்ணீரில் குமிழிக் கோடு விட்டுக்கொண்டே போகும். பகலில் கப்பலின் காவலாளி பார்த்துவிடுவான். அந்தக் கோடு நீங்கள் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். ஜி7ஈ மின்சாரத்தில் ஓடும், 30 நாட் ஒரே வேகம், தடயம் இல்லை. பின்குழாயால் சுடுவதே சத்தமில்லாமல் நழுவிப் போகத்தான் என்பதால் நான் அங்கே மின்சாரத்தை மட்டும்தான் வைப்பேன். இரவில் மேற்பரப்பில் தாக்கும்போது நீராவியின் கோடு அவ்வளவாகத் தெரியாது. அதற்கு முன்குழாய்களில் இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

1943 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. டி5 என்ற டார்பிடோ வருகிறது. ஜெர்மன்காரர்கள் இதற்கு ட்ஸவுன்கோனிஷ் என்று சிட்டுக்குருவியைவிடச் சின்ன ஒரு பறவையின் பெயரை வைத்தார்கள். கப்பலின் புரொப்பெல்லர் சத்தத்தைக் கேட்டு அதன் பின்னாலேயே போகும். வேகம் 24 நாட்தான். துரத்தி வரும் எஸ்கார்ட்டை அடிப்பதற்கென்றே செய்தது. அதற்குச் சரியான இடம் பின்குழாய். துரத்துகிறவன் உங்கள் வாலுக்குப் பின்னால்தானே வருவான்?

டி5 சுட்டேன், என் படகையே வந்து அடித்துவிட்டது! ஏன்?

அதற்கு எது எதிரி, எது சொந்தம் என்று தெரியாது. சத்தம் வரும் இடத்துக்குப் போகும். சுட்டவுடன் எஞ்சினை நிறுத்தி அல்லது சத்தமில்லா ஓட்டத்துக்கு மாற்றி, 60 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அன்றைய ஜெர்மன் படகுகளுக்கே இருந்த உத்தரவு. பின்குழாயால் சுட்டுவிட்டு, தப்பிக்கிறேன் என்று முழு வேகம் கொடுத்தால் அது உங்களையே தேடி வரும்.

எதிரியும் சும்மா இருக்கவில்லை. ஃபாக்ஸர் என்ற சத்தம் போடும் கருவியைக் கப்பலுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். டார்பிடோ கப்பலை விட்டுவிட்டு அதைப் போய் அடிக்கும்.

டி5 வருவதற்கு முன்பு, துரத்தி வரும் டெஸ்ட்ராயரைப் பின்குழாயால் அடிக்க முடியாதா?

முடியும், ஆனால் சூதாட்டம். நேராக உங்களை நோக்கி வரும் கப்பல் சில மீட்டர் அகலமே உள்ள இலக்கு. அவன் சற்றே வளைந்தாலும் தவறிவிடும். அவன் நேராக வரும்போது கோணக் கணக்கு ஒன்றும் வேண்டாம் என்பது மட்டும் ஓர் ஆறுதல். பேரிங் (படகிலிருந்து இலக்கு இருக்கும் திசை) 180, கைரோ 180, டார்பிடோ ஓடும் ஆழம் குறைவாக 2 மீட்டர் அளவில், தூரம் 600 முதல் 800 மீட்டர். சுட்டதும் உடனே ஆழத்துக்குப் போங்கள், பலனைப் பெரிஸ்கோப்பில் பார்க்க ஆசைப்படாதீர்கள். நான் இதில் ஜெயித்ததைவிட மூழ்கியதுதான் அதிகம். வேறு வழி இருந்தால் அதைத்தான் தேடுவேன்.

கான்வாய்க்கு உள்ளே புகுந்தால் இரண்டு பக்கமும் சுடலாமா?

இந்தக் கேம்களில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இதுதான். அட்லாண்டிக் கான்வாய்களில் கப்பல்கள் பக்கம் பக்கமாக வரிசைகளாகப் போகும். இரண்டு வரிசைக்கு இடையில் சுமார் 900 மீட்டர் இடைவெளி. அதன் நடுவில் பாதைக்குக் குறுக்காகப் படகை நிறுத்திவிட்டால் மூக்குப் பக்கம் ஒரு வரிசை 450 மீட்டரில், வால் பக்கம் இன்னொரு வரிசை 450 மீட்டரில். டார்பிடோ தயாராகத் தேவையான தூரம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

முந்தைய உதாரணத்தையே எடுங்கள். கான்வாய் கிழக்கே 8 நாட்டில் போகிறது, உங்கள் மூக்கு வடக்கே. வடக்கு வரிசைக் கப்பல் 345-ஐத் தொடும்போது முன்குழாய். தெற்கு வரிசைக் கப்பல் 195-ஐத் தொடும்போது பின்குழாய். இரண்டுமே உங்கள் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். ஆனால் வடக்குக் கப்பலுக்கு ஏஓபி வலது 75, தெற்குக் கப்பலுக்கு இடது 75. இந்த இடத்தில் மட்டும் ஏஓபியை மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் கப்பலே வேறு.

முதல் வெடிப்புக்குப் பிறகு எல்லாக் கப்பல்களும் திசை மாற்றும். அதனால் இரண்டு டார்பிடோவும் தண்ணீரில் இறங்கும் வரை முதலாவது வெடிக்கக் கூடாது. 450 மீட்டருக்கு 30 நாட்டில் அரை நிமிடம்தான் கிடைக்கும். நீங்கள் சரியாக நடுவில் இல்லையென்றால், தூரத்தில் இருக்கும் வரிசைக்கு முதலில் சுட்டுவிட்டு, கிட்டத்து வரிசைக்குப் பிறகு சுடுங்கள். ஜெர்மன் தளபதி ஓட்டோ கிரெட்ஷ்மர் இரவில் மேற்பரப்பிலேயே கான்வாய்க்குள் புகுந்து கிட்டத்திலிருந்து சுடுவதில் பேர் போனவர். அவருடைய யூ-99 ஏழு-பி வகை. அவருக்கும் பின்னால் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

நிஜப் போரில் பின்குழாய் பெரிதாக ஏதாவது சாதித்திருக்கிறதா?

நான் சொல்ல விரும்புவது ஒரு தவறிய சூட்டைப் பற்றி. 1939 அக்டோபர் 14 அதிகாலை, குந்தர் பிரியன் யூ-47 படகோடு ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார். பிரிட்டிஷ் கடற்படையின் பாதுகாப்பான வீடு என்று நம்பப்பட்ட இடம் அது. முன்குழாய்களைச் சுட்டார். ஒன்று கிளம்பவே இல்லை. போன மூன்றில் ஒன்று மட்டும் ராயல் ஓக் போர்க்கப்பலின் முன்முனையில் வெடித்தது. சேதம் சின்னது. கப்பலில் இருந்தவர்களே உள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்தார்கள், சிலர் மறுபடியும் படுக்கப் போய்விட்டார்கள்.

பிரியன் படகைத் திருப்பி, போகிற போக்கில் பின்குழாயைச் சுட்டார். அது தவறியது. வெளியே போய்விடலாம் என்ற நிலை. ஆனால் யாரும் துரத்தி வரவில்லை. தேடும் விளக்குகூட எரியவில்லை. முன்குழாய்களை மறுபடி நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து மூன்று டார்பிடோக்களை விட்டார். முதல் தாக்குதலுக்கும் இதற்கும் இடையில் கால் மணி நேரம் போல. ராயல் ஓக் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 800-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

பின்குழாய் எதற்கு இருக்கிறது என்பதும், அது ஒன்று மட்டும் போதாது என்பதும் அந்த ஒரே இரவில் தெரிகிறது. திரும்பி ஓடும்போது செலவில்லாமல் கிடைக்கும் ஒரு வாய்ப்பு அது. பெரிய போர்க்கப்பலை மூழ்கடிக்க முன்குழாய்களின் சால்வோதான் வேண்டியிருந்தது.

பின்குழாய் இல்லாத ஏழாம் வகைப் படகும் இருந்ததாமே?

இருந்தது. சில படகுகள் பின்குழாய் இல்லாமலே கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று யூ-331. 1941 நவம்பர் 25 அன்று எகிப்துக்கு வடக்கே பார்ஹாம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான். முன்குழாய் மட்டுமே இருந்த படகு என்பதால் தளபதி டீசன்ஹவுசனுக்கு வேறு தேர்வே இல்லை. சுட்ட பிறகு நடந்ததைக் கேளுங்கள். பல டார்பிடோக்கள் ஒரே நேரத்தில் போனதும் படகின் முன்பக்கம் இலேசாகி, படகு மேலே கிளம்பிவிட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த வேலியண்ட் போர்க்கப்பலுக்கு மிக அருகில் அதன் கோபுரம் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் பீரங்கிகளைக் கீழே தாழ்த்திச் சுட முடியவில்லை. அப்புறம் படகு பேராழத்துக்குப் பாய்ந்து தப்பியது.

ஒரு டார்பிடோ சுமார் ஒன்றரை டன். நான்கு ஒன்றாகப் போனால் 6 டன் எடை மூக்கிலிருந்து காணாமல் போகிறது. உடனே தண்ணீர் நிரப்பி ஈடுகட்ட வேண்டும். பின்குழாயின் ஒற்றை டார்பிடோவில் இந்தச் சங்கடம் குறைவு. கேம்களில் பல இதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் கேம் கண்டுகொள்கிறது என்றால் நான்கையும் ஒன்றாகச் சுடுவதற்கு முன் ஒரு மீட்டர் கூடுதல் ஆழத்தில் இருங்கள்.

முன்பக்க டார்பிடோ தீர்ந்துவிட்டது. பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுபோகலாமா?

முடியாது. 7 மீட்டர் நீளம், ஒன்றரை டன் எடை, நடுவில் எஞ்சின் அறை, கட்டுப்பாட்டு அறை, வட்டமான சிறிய கதவுகள். ஏழு-சியில் பின்பக்கத்துக்கு மொத்தமே 3. குழாயில் ஒன்று, தரைக்கடியில் ஒன்று, வெளிப்பெட்டியில் ஒன்று. வெளிப்பெட்டியில் இருப்பதை உள்ளே இறக்க, கடல் அமைதியாக இருக்கும்போது மேற்பரப்பில் நிற்க வேண்டும்.

சத்தமில்லா ஓட்டத்தில் இருக்கும்போது சைலன்ட் ஹன்டர் 3-இல் டார்பிடோ நிரப்புவது நின்றுவிடும் என்பதையும் மறக்காதீர்கள். "ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன், குழாய் நிரம்பவில்லை" என்று புலம்பும் பலருக்குக் காரணம் இதுதான்.

பசிபிக் கேமில் பின்னால் நாலு குழாய் இருக்கிறதே, அங்கே எப்படி?

அங்கே பின்பக்கம் ஒரு தனிப் படகு மாதிரி. காட்டோவில் முன்பக்கம் 16, பின்பக்கம் 8 டார்பிடோ. முன்னால் ஆறையும் ஒரு இலக்குக்குச் செலவழித்துவிட்டு, படகைச் சுழற்றி, நிரப்பக் காத்திராமல் பின்னால் இருக்கும் நாலை அடுத்ததற்கு அனுப்பலாம். சால்வோவும் முடியும். அமெரிக்க டிடிசி இலக்கின் நகர்வைத் தானாகவே தொடர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருக்கும் என்பதால் படகு சுழலும்போதும் கணக்கு கையைவிட்டுப் போகாது. ஜெர்மன் படகிலிருந்து இங்கே வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் பின்பக்கத்தை மறந்துவிட்டு, 8 டார்பிடோவோடு வீடு திரும்புவார்கள்.

டார்பிடோ எந்தப் பக்கமிருந்து போனாலும் அது நம் பேச்சைக் கேட்கும் என்று நம்பிவிட முடியாது. 1944 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் டாங் படகு தன் 24-ஆவது, கடைசி டார்பிடோவைச் சுட்டது. அது வட்டமடித்துத் திரும்பி வந்து டாங்கின் பின்பக்கத்தையே அடித்தது. பிழைத்தவர்கள் ஒன்பது பேர்.

இன்றைய காலத்துக் கேம்களில் பின்குழாயே இல்லையே, ஏன்?

கோல்ட் வாட்டர்ஸ் போன்றவற்றில் டார்பிடோ கம்பியால் வழிநடத்தப்படும், தானே தேடியும் போகும். எந்தப் பக்கம் பார்த்துச் சுட்டாலும் திரும்பிப் போய்விடும் என்றால் பின்னால் ஒரு குழாய் எதற்கு? படகின் வால் பகுதியும் வேகத்துக்காகவும் அமைதிக்காகவும் ஒல்லியாகிவிட்டது, அங்கே ஒற்றை புரொப்பெல்லர்தான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வகையில் மூக்கு முழுவதும் சோனாருக்குப் போய்விட்டதால் நான்கு குழாய்களும் மூக்குக்குப் பின்னால் தள்ளி, வெளிப்பக்கம் சாய்த்து வைக்கப்பட்டன. இந்தப் போக்கு போர்க்காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் இருபத்தொன்றாம் வகையில் ஆறு குழாயும் முன்னால், பின்னால் பூஜ்யம்.

பின்குழாயை நேரில் பார்க்க ஆசை என்றால் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போங்கள். கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்தது, 2001-இல் ஓய்வு பெற்றது. சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகை, முன்னால் 6, பின்னால் 4 குழாய்கள். உள்ளே நடந்து போகலாம். ஆட்கள் டார்பிடோக்களுக்கு இடையில்தான் தூங்கியிருக்கிறார்கள் என்பது பார்த்தால் புரியும்.

தானியங்கிக் குறிபார்ப்பில் ஆடுகிறேன். இதெல்லாம் எனக்குத் தேவையா?

கணக்கு தேவையில்லை, அதை ஆயுத அதிகாரி பார்த்துக்கொள்வார். படகை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை அவர் சொல்ல மாட்டார். அது உங்கள் வேலை.

பழக எங்கே தொடங்குவது?

எஸ்கார்ட் இல்லாத தனிக் கப்பலைத் தேடுங்கள். இலக்கு எளிது என்பதால் முன்குழாயைத் தொடாமல், பின்குழாயால் மட்டும் அடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவ் செய்துவிட்டு, பாதைக்கு 800 மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒரு நாட் வேகம் போதும். 8 நாட் கப்பல் என்றால் பெரிஸ்கோப்பை 165-இலோ 195-இலோ வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கப்பல் எந்தப் பக்கத்திலிருந்து கம்பிக்கோட்டுக்கு வரும் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் சில தடவை எதிர்ப்பக்கம்தான் சொல்வீர்கள்.